பெண்கள் கட்டத்தில் ஒன்று

வருவாய்த் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குக் கோப்பு எழுதுவது எப்படி, குறிப்பு வைப்பது எப்படி என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அதற்குப் பயிற்சி மையத்தில் ஆள் இருக்கிறார்கள். மதியச் சாப்பாடும் போடுகிறார்கள். எனக்குச் சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. ஒருவருக்கு ஒன்றை மறுக்க வேண்டி வந்தால் எப்படி மறுப்பது என்பது. கொடுப்பதற்குப் பெரிய புத்தி வேண்டியதில்லை. மறுப்பதில்தான் ஓர் அலுவலகத்தின் யோக்கியதை தெரியும். இதை நான் ஒரு பெண்ணிடம் கற்றுக்கொண்டேன். அந்தப் பெண்ணை எனக்கு மிகவும் பிடித்திருந்தது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட அது நல்லது.

எண்பதுகளின் கடைசியில் நான் அருப்புக்கோட்டை தாலுகா அலுவலகத்தில் உதவியாளர். என் மேஜைக்கு வந்தவற்றில் துப்பாக்கி உரிமமும் ஒன்று. துப்பாக்கி என்றதும் சினிமாவை நினைத்துக்கொள்ளாதீர்கள். பயிரைக் காக்க விவசாயிகள் வைத்திருக்கும் ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி. குண்டாற்றின் ஓரமெல்லாம் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. அதற்குள் காட்டுப்பன்றிகள் குடும்பத்தோடு குடியிருந்தன. கடலை காய் பிடிக்கிற நேரம் பார்த்து வந்து ஒரே ராத்திரியில் காட்டை உழுதுவிட்டுப் போகும். அதனால் மானாவாரிக்காரர்கள் உரிமம் கேட்டு மனுக் கொடுப்பார்கள். நாங்கள் விசாரித்து, போலீஸ் அறிக்கையும் வாங்கி, விருதுநகருக்கு அனுப்புவோம். அங்கிருந்து உத்தரவு வரும்.

பேச்சியம்மாள் திருச்சுழிக்குத் தெற்கே ஒரு கிராமம். வாக்கப்பட்டுப் போன இடத்தில் ஒத்துவராமல் அப்பா வீட்டுக்கே திரும்பி, அப்பாவோடு சேர்ந்து வெள்ளாமை பார்த்தவர். கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. அப்பா இறந்ததும் அவருடைய துப்பாக்கியை விதிப்படி போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்தார். வாரிசு உரிமம் வாங்கினால் திரும்பக் கிடைக்கும். அதற்காகத்தான் எங்களிடம் வந்தார்.

முதல் நாள் அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

“எங்கய்யா துப்பாக்கி சார். ஸ்டேசன் மூலையில சாத்தி வச்சிருக்காக. அது அங்க நிக்கிறதப் பாத்துட்டு வீட்டுக்குப் போனா சோறு எறங்க மாட்டேங்குது. பன்னி வேற கடலையத் தின்னு தீக்குது. எனக்கு அதத் திருப்பிக் குடுத்துருங்க.”

எங்கள் தலைமை எழுத்தர் எழுந்து வந்தார். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் பார்த்தவர்களிலேயே நயமான மனிதர். யாரையும் கடிந்து பேச மாட்டார். எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. உரிமம் தர மாட்டார்கள் என்று அவருக்குத் தோன்றிவிட்டால், அந்த மனுவைக் கையில் வாங்கவே மாட்டார். உட்காரச் சொல்வார். டீ வரவழைப்பார். குடும்பத்தை விசாரிப்பார். பிறகு, “ஒண்ணுமில்லம்மா, இந்தச் சான்று மட்டும் ஒண்ணு கொண்டுவந்துருங்க, உடனே பதிஞ்சிருவோம்” என்பார். அந்தச் சான்றோடு வந்தால் அடுத்த சான்று. வந்தவர் அலுத்துப்போய் ஒரு நாள் வராமல் இருந்துவிடுவார். மனு வாங்கவில்லை, எண் போடவில்லை, ஆகவே மறுக்கவும் இல்லை. “நம்ம ஆபீஸ்ல மறுப்புன்னு ஒண்ணு கெடையாதுப்பா” என்று என்னிடம் பெருமையாகச் சொல்வார். மறுத்து எழுதினால் அப்பீல் வரும், அப்பீல் வந்தால் மேலே பதில் சொல்ல வேண்டும். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டால் யாருக்கும் கெட்ட பெயர் இல்லை. நானும் அதை ஒரு சாமர்த்தியம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

பேச்சியம்மாளுக்கும் டீ வந்தது. முதலில் வாரிசுச் சான்று. பிறகு, ஆண் வாரிசு இல்லை என்று ஒரு சான்று. பிறகு நில அடங்கல். பிறகு பயிர்ச் சேதத்துக்குக் கிராம நிர்வாக அலுவலரின் கடிதம். மற்றவர்கள் இரண்டு சான்றில் ஓய்ந்து விடுவார்கள். இவர் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தபடியே இருந்தார். தலைமை எழுத்தருக்கே என்ன கேட்பது என்று தெரியாமல் ஒரு முறை போட்டோவைப் பெரிதாக எடுத்து வரச் சொன்னார். அடுத்த தடவை காலண்டர் அளவுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து நின்றார் அந்த அம்மா. அலுவலகமே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார்.

காத்திருக்கிற நேரத்தில் என் மேஜை ஓரம்தான் உட்காருவார். பன்றிகளைப் பற்றிப் பேசுவார். அவர் சொன்னால் நேரில் பார்ப்பது போல இருக்கும். ஒரு நாள், “தாசில்தாரு நேத்து ராத்திரி குட்டிகளோட வந்துட்டாரு சார்” என்றார். நான் திகைத்துப்போய் எங்கள் தாசில்தார் அறையைப் பார்த்தேன்.

“எந்தத் தாசில்தாரு?”

“எங்க காட்டுக்கு வர்ற பெரிய பன்னி சார். நாந்தான் பேரு வச்சேன். எம்புட்டுக் கத்துனாலும் திரும்பிப் பாக்காது. வந்த சோலிய முடிச்சிட்டு அதுபாட்டுக்குப் போயிரும்.”

எனக்கு அப்போது முப்பது தாண்டியிருந்தது. மல்லாங்கிணற்றில் அப்பாவுக்கு மளிகைக் கடை. இரண்டு தங்கைகளைக் கரையேற்றிய பிறகுதான் எனக்குக் கல்யாணம் என்று வீட்டில் பேச்சு. திருச்சுழி பஸ் வருகிற நேரத்தில் என் கண் வாசலுக்குப் போவதை நானே கவனித்தேன். அவர் வராத வாரம் வேலை ஓடாது. வந்துவிட்டால், அவர் கொண்டுவந்த சான்று சரியாக இருந்துவிடக் கூடாதே என்று ஒரு நினைப்பு வரும். சரியாக இருந்தால் உரிமம் கிடைத்துவிடும். கிடைத்துவிட்டால் பிறகு எதற்கு வரப்போகிறார்? அவருடைய சாதி வேறு, என் சாதி வேறு, அவர் வாழ்ந்து திரும்பியவர். அந்த ஊரில், அந்தக் காலத்தில் இதெல்லாம் வாயைத் திறந்து பேசக் கூடிய விஷயமா? எனவே நான் பன்றிக் கதை கேட்டுக்கொண்டிருந்தேன். அதுவே போதும் என்று இருந்தது. போதவில்லை என்பதும் தெரிந்தது.

அந்த வருஷம் பக்கத்தில் இரண்டு ஊர்களுக்குள் கோயில் கொடை விஷயமாகத் தகராறு. வெட்டுக்குத்து வரை போய் அடங்கியது. துப்பாக்கியெல்லாம் ஒரு பக்கத்து ஆட்களுக்கே கொடுக்கிறார்கள், இன்னொரு பக்கத்துக்குக் கேட்டாலும் கிடைப்பதில்லை என்று டீக்கடைகளில் பேச்சு எழுந்தது. விருதுநகரிலிருந்து ஓர் உத்தரவு வந்தது. உரிமம் கேட்டவர்கள் எத்தனை பேர், கொடுத்தது எத்தனை, மறுத்தது எத்தனை என்பதைச் சாதிவாரியாக, ஆண் பெண் வாரியாக, தொழில்வாரியாகக் கட்டம் போட்டு எழுத வேண்டும். அதை வருஷந்தோறும் கிராமக் கணக்குத் தணிக்கை நடக்கும் ஜமாபந்தியின்போது மக்கள் முன்னால் வாசிக்க வேண்டும். பிறகு மாவட்டம் முழுவதற்கும் ஒரே தாளாகச் சேர்த்து எல்லாத் தாலுகா அலுவலக வாசலிலும் ஒட்டுவார்கள். பெயர் இருக்காது, எண்ணிக்கை மட்டும்தான்.

நல்ல உத்தரவு. தலைமை எழுத்தரே உட்கார்ந்து கணக்கெடுத்தார். பெண்கள் கட்டத்தில் பெறப்பட்டது இன்மை, வழங்கியது இன்மை, மறுத்தது இன்மை. காலனிக்காரர்கள் கட்டத்திலும் அதே மூன்று இன்மை. அவர் பொய் எழுதவில்லை, இதை நீங்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். பதிவேட்டில் எண் போட்ட மனுக்களைத்தான் எண்ணினார். எண் போடாததை எப்படி எண்ணுவது? அந்தத் தாளைப் பார்த்தால், எங்கள் தாலுகாவில் எந்தப் பெண்ணுக்கும் துப்பாக்கி வேண்டியிருக்கவில்லை, யாருக்கும் எதையும் மறுக்கவும் இல்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவ்வளவு சுத்தமான கணக்கு.

குரல் கணீரென்று இருக்கும் என்று வாசிக்கிற வேலையை என்னிடம் கொடுத்தார்கள்.

ஜமாபந்திக்கு முந்தின வாரம் பேச்சியம்மாள் வந்தார். சிரிப்பில்லை. பழைய துப்பாக்கிகளை எல்லாம் மொத்தமாகச் சேர்த்து உடைப்பதற்கு அனுப்பப் போகிறார்களாம். உரிமத்துக்கு மனு நிலுவையில் இருப்பதாகக் காகிதம் காட்டினால் மட்டும் வைத்திருப்பார்களாம். ஸ்டேஷனில் சொல்லியிருக்கிறார்கள்.

“மனு குடுத்துருக்கேன்னு சொன்னேன் சார். நம்பர் என்னன்னு கேக்காக. என்ன நம்பர் சார் என்னோடது?”

நான் தலைமை எழுத்தரைப் பார்த்தேன். அவர் டீ சொல்லிவிட்டு, “ஜமாபந்தி முடியட்டும்மா, பாத்துக்கலாம்” என்றார். பேச்சியம்மாள் அன்று டீயைத் தொடவில்லை.

ஜமாபந்தி அன்று அலுவலக வளாகத்தில் பந்தல் போட்டிருந்தது. கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்ய வருவாய்க் கோட்ட அதிகாரியான ஆர்.டி.ஓ. வந்திருந்தார். சின்ன வயது, வெளி மாவட்டத்துக்காரர், எதையும் மூஞ்சியில் காட்டிக்கொள்ளாதவர். வெயில் கொளுத்தியது. ஜனங்கள் பட்டாவுக்கும் ரேஷன் கார்டுக்கும் வந்து நெருக்கிக்கொண்டு நின்றார்கள். பேச்சியம்மாள் பந்தல் கால் பக்கத்தில் நின்றதை நான் பார்த்துவிட்டேன். பார்க்காமல் எப்படி இருப்பேன்?

தாளை எடுத்து வாசித்தேன். விவசாயிகள், வியாபாரிகள், மற்றவர்கள் என்று வாசித்து முடித்தேன். “பெண்கள். பெறப்பட்ட மனு இன்மை. வழங்கியது இன்மை. மறுத்தது இன்மை” என்றேன்.

“இன்மைன்னா என்ன சார்?” என்று அவர் குரல் வந்தது.

யாரோ பக்கத்தில், “ஒண்ணும் இல்லேன்னு அர்த்தம்” என்றார்கள்.

“அப்ப நான் யாரு? நாலு வருசமா இந்த ஆபீஸ்க்கு வாரேன். அந்தா வாசிக்கிற சாருக்குத் தெரியும். அவுககிட்டயே கேளுங்க.”

ஆர்.டி.ஓ. என் பக்கம் திரும்பினார். “இந்த அம்மா மனுக் கொடுத்திருக்காங்களா?”

தம்பிமார்களே, தங்கைமார்களே, இந்த இடத்தில்தான் நீங்கள் என்னைக் கவனிக்க வேண்டும். என்னிடம் இரண்டு பதில் இருந்தது. “சான்றுகள் முழுமையாக வரவில்லை சார், வந்ததும் பதிகிறோம்” என்பது ஒன்று. அலுவலக பாஷையில் அது பொய்யே இல்லை. தலைமை எழுத்தர் கண்ணாலேயே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படிச் சொன்னால் அலுவலகத்தின் மானம் தப்பிக்கும். எனக்கு வேலை கற்றுத் தந்தவர் தலை குனிய மாட்டார். இன்னொன்றும் உண்டு. அடுத்த மாதமும், அதற்கடுத்த மாதமும் பேச்சியம்மாள் திருச்சுழி பஸ்ஸில் வந்து என் மேஜை ஓரம் உட்காருவார். கசப்போடு வந்தாலும் வருவார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஆசை எனக்கு இருந்தது. ஆனால் ஸ்டேஷன் மூலையில் நின்ற அந்தத் துப்பாக்கியை உடைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அவர் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது?

“கொடுத்தாங்க சார். நாங்க வாங்கல. ஒவ்வொரு தடவையும் ஒரு சான்று கேட்டுத் திருப்பி அனுப்பினோம்” என்றேன்.

ஆர்.டி.ஓ. அந்தத் தாளை என் கையிலிருந்து வாங்கினார். பெண்கள் கட்டத்தில் பெறப்பட்டது என்ற இடத்தில் இன்மையை அடித்து, பேனாவால் ஒன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, “இப்படித் திரும்பிப் போனவங்க வேற யாராவது இருக்கீங்களா?” என்று கேட்டார்.

காலனியிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் மெதுவாகக் கையைத் தூக்கினார். “எனக்கும் டீ வாங்கிக் குடுத்தாக சாமி” என்றார். அவருக்குப் பின்னால் இன்னும் சில கைகள் எழுந்தன. சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் எல்லாருடைய மனுவையும் வாங்கி எண் போட்டேன். பேச்சியம்மாளுடைய எண்ணை ஒரு தாளில் எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தேன். அவர் அதை மடிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

கதை இத்தோடு நன்றாக முடிந்தது என்று நினைக்காதீர்கள். அவருடைய மனு மறுக்கப்பட்டது. தனியாக வசிக்கும் பெண், ஆயுதத்தை யாராவது பறித்துக்கொள்ளலாம் என்று போலீஸ் அறிக்கை. விருதுநகரிலிருந்து மறுப்பு உத்தரவு வந்தபோது அதை அவரிடம் கொடுக்கவே எனக்குக் கை வரவில்லை. இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் வாசித்துச் சொன்னேன். கடைசிப் பத்தியில், சென்னையில் மேல் அதிகாரிக்கு அப்பீல் செய்யலாம் என்று இருந்தது. அதையும் வாசித்தேன்.

அவர் முகம் மலர்ந்தது. “வேணாம்னு எழுதியே குடுத்துட்டாகளா? அப்ப இத வச்சு நான் சண்ட போடலாம்ல? இம்புட்டு நாளும் யாரோட சண்ட போடுறதுன்னே தெரியல சார். எல்லாரும் டீ குடுத்தீக.”

அதைக் கேட்ட பிறகு, டீ வாங்கிக் கொடுத்து யாரையும் நான் திருப்பி அனுப்பியதில்லை. உங்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன். மறுப்பதானால் காரணத்தோடு எழுதி மறுத்துவிடுங்கள். மறுத்தவர்களையும் கட்டத்தில் காட்டுங்கள். எழுதித் தந்தால் அதைக் கையில் எடுத்துக்கொண்டு மேலே போக வழி இருக்கும். இனிக்கப் பேசி அனுப்பினால் அந்த மனிதர் எந்தக் கணக்கிலும் இல்லாமல் போய்விடுகிறார். உங்கள் தாள் மட்டும் சுத்தமாக இருக்கும்.

அப்பீல் நிலுவையில் இருந்ததால் ஸ்டேஷனில் துப்பாக்கியை உடைக்கவில்லை. ஏழெட்டு மாதம் இழுத்தது. பெண் என்பதும் தனியாக இருப்பதும் மறுக்கக் காரணம் ஆகாது என்று சென்னையிலிருந்து உத்தரவு வந்தது. பேச்சியம்மாள் ஜெயித்துவிட்டார்.

உரிமத்தை வாங்க வந்த அன்று ஸ்டேஷனுக்குப் போய்விட்டு மறுபடி அலுவலகத்துக்கு வந்தார். துப்பாக்கியைச் சாக்கில் சுற்றித் தோளில் சாத்தியிருந்தார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தவர் மாதிரி இருந்தது. என் மேஜை ஓரம் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். பன்றிக் கதை எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

“இனி எப்ப சார் வரணும்?”

“மூணு வருஷம் கழிச்சுப் புதுப்பிக்கணும். அதுவரைக்கும் வர வேண்டியதில்ல.”

“மூணு வருசமா?” என்றார். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். “அதுவரைக்கும் எனக்கு இங்க சோலியே இல்லையா?”

இல்லை என்று சொன்னேன். அரசாங்க ஊழியன் வேறு என்ன சொல்வான்? “அப்ப வாரேன் சார்” என்று எழுந்தார். எங்கள் பக்கத்தில் போகிறவர்கள் யாரும் போகிறேன் என்று சொல்ல மாட்டார்கள். அவர் வாசல் தாண்டிப் போகும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதுப்பிக்கிற வருஷம் வருவதற்குள் எனக்கு மாறுதல் வந்துவிட்டது. போகிற அன்று தலைமை எழுத்தர் பஸ் ஏற்றிவிட வந்தார். ஜமாபந்திக்குப் பிறகு என்னிடம் வேலைக்கு வேண்டிய பேச்சுதான் பேசிக்கொண்டிருந்தார். “நீ செஞ்சது சரிதாம்ப்பா. ஆனா எனக்கு இன்னும் ஆறல” என்றார். அவ்வளவு நேர்மையாக யாரும் என்னிடம் கோபப்பட்டதில்லை. அவர் இறந்த செய்தி கேட்டபோது லீவு போட்டுவிட்டுப் போய் வந்தேன்.

பிறகு எனக்குக் கல்யாணம் ஆனது. நல்ல மனுஷி. அவளிடம் நான் எதையும் மறைக்கவில்லை. மாவட்டத்தில் எந்த மூலையில் வேலை பார்த்தாலும் வருஷம் ஒரு முறை அந்தத் தாள் எங்கள் அலுவலக வாசலிலும் ஒட்டப்படும். எல்லாரும் சாதிக் கட்டங்களைப் பார்த்துவிட்டு வாக்குவாதம் செய்வார்கள். நான் நேராக அருப்புக்கோட்டை வரியில், நடப்பிலுள்ள உரிமம் என்று பிறகு சேர்த்த கட்டத்துக்குப் போவேன். பெண்கள், நடப்பிலுள்ள உரிமம்: ஒன்று. மூன்று வருஷம் முடிந்த பிறகும் ஒன்று. அதாவது வந்து புதுப்பித்திருக்கிறார். இருக்கிறார். காட்டில் நிற்கிறார், யாருக்கோ பெயர் வைத்துச் சத்தம் போடுகிறார். அந்த ஒன்றைப் பார்த்துவிட்டு வருகிற நாளில் என் முகமே காட்டிக்கொடுத்துவிடும். “என்ன, உங்க துப்பாக்கிக்காரி நல்லாருக்காகளா?” என்பாள் என் மனைவி. “இருக்காக” என்பேன். அவள் சிரித்துக்கொண்டே தட்டை வைப்பாள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம் அந்தக் கட்டத்தில் இரண்டு என்று இருந்தது. இன்னொரு பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? இந்த இரண்டுக்காகத்தானே அன்று பந்தலில் வாயைத் திறந்தோம் என்று நினைத்துக்கொண்டேன். வாசலில் நின்ற இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அடுத்த வருஷம் மறுபடியும் ஒன்று.

அந்தத் தாளின் முன்னால் வெகுநேரம் நின்றேன். இரண்டு பேரில் ஒருவர் இல்லை. புதிதாக வாங்கியவர் திருப்பிக் கொடுத்திருக்கலாம். இல்லையென்றால் பேச்சியம்மாள். நாங்கள் பாடுபட்டு உண்மையாக்கிய எண்ணிக்கை அது. எத்தனை பேர் என்று சொல்லும், யார் என்று சொல்லாது. அப்படித்தான் இருக்க வேண்டும், ஊருக்கு முன்னால் பெயரை ஒட்டக் கூடாது என்று நானே மற்றவர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். உள்ளே போனால் என் மேஜையில் போன் இருந்தது. அருப்புக்கோட்டைக்குப் போட்டால் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார்கள். ரிசீவரைக் கையில் எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். என் மனைவி முகத்தைப் பார்த்தாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

“இருக்காகளா?” என்று கேட்டாள்.

“இருக்காக” என்றேன்.